ஏரி பக்கம் சாய்ந்த வீடு

பிரையனிக்கு மதியச் சாப்பாடு பெரும்பாலும் காருக்குள்தான். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்த் தாயையும் சேயையும் பார்த்துவிட்டு வரும் மருத்துவச்சி அவள். காலையில் நாலைந்து வீடுகள் முடித்த பிறகு, வின்ஸ்மியர் ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்துவாள். மடியில் துண்டை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த முட்டை சாண்ட்விச்சைப் பிரிப்பாள். சாப்பிடச் சாப்பிட அவள் மூச்சுப் பட்டு முன்கண்ணாடி மங்கிவிடும். ஏரி மறைந்துபோகும். கையால் துடைத்தால் மறுபடி வரும்.

அப்படித் துடைத்த ஓர் இலையுதிர் மதியத்தில்தான் எதிர்க்கரையில் அந்த வீட்டைப் பார்த்தாள். பனிமூட்டம் கரையை விழுங்கியிருந்தது. சிவப்புச் செங்கல் சுவர்களும், ஒற்றைப் புகைக்கூண்டும், வெள்ளைச் சட்டமிட்ட அகலமான சன்னலும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்பதுபோல இருந்தன. இரண்டு அன்னங்கள் வீட்டுவாசலில் மேய்கிற கோழிகள் மாதிரி அதன் முன்னே மிதந்துகொண்டிருந்தன.

அன்றிலிருந்து அந்த வீடு அவள் கனவில் வரத் தொடங்கியது. கனவில் அவள் அந்த அகல சன்னலுக்குப் பின்னால் நின்று தேநீர் ஆற்றிக்கொண்டிருப்பாள். ஏரி மெல்ல மெல்ல அடுக்களைக்குள் வரும். பயமாக இருக்காது. நாற்காலிகள் மிதக்கும், கோப்பைகள் மிதக்கும், அவளும் மிதப்பாள். விழித்துப் பார்த்தால் தலைக்கு மேல் வாடகை வீட்டின் ஈரக் கூரை. கீழ்க்கடையில் உருளைக்கிழங்கும் மீனும் பொரிக்கிற வாசம். அவர்கள் குடியிருந்தது ஒரு மீன் வறுவல் கடையின் மாடி. துவைத்துக் காயப்போட்ட சட்டையிலும் அந்த வாசம், தலையணையிலும் அந்த வாசம்.

அவள் கணவன் டெஸ்மண்ட் ரயிலில் கார்டு. பர்மிங்காமில் பிறந்து வளர்ந்தவன். இருவருமே அந்த ஊருக்குப் புதியவர்கள்தான்.

"டெஸ், அந்த வீட்டுக்கு 'விற்பனைக்கு'ன்னு பலகை நட்டுட்டாங்க!" என்று ஒருநாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"எந்த வீடு? நீ தூக்கத்துல குடியிருக்கியே, அதுவா?" என்றான் டெஸ்மண்ட். "அப்ப வாடகை மிச்சம்னு நினைச்சேனே!"

மறுநாளே தரகர் ஜாஸ்பரின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வாசனைத் தைலமும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, பேச்சிலேயே சாவியைக் கையில் கொடுத்துவிடுகிற ஆள் ஜாஸ்பர். வீட்டைச் சுற்றிக் காட்டினார். உள்ளே வெயில் தரையில் தங்கத் தகடு போலக் கிடந்தது. பிரையனி அந்த அகல சன்னல் முன்னால் நின்றாள். நின்றதுமே அது தன் வீடாகிவிட்டதாக அவளுக்குத் தோன்றிவிட்டது.

"பத்திர வேலைக்கு வக்கீல் யாரையாச்சும் பாத்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் ஜாஸ்பர்.

"இல்லையே. கடைத்தெருவுல கேக் கடைக்கு மேல ஒரு அம்மா பேருப் பலகை பாத்திருக்கேன்…" என்று இழுத்தாள் பிரையனி.

ஜாஸ்பர் சிரித்தார். "யார்வுட் அம்மாவா? நல்லவங்கதான். ஆனா ஆமை வேகம், மேடம். அவங்க ஒவ்வொண்ணாக் கேள்வி கேட்டு முடிக்கிறதுக்குள்ள வீட்டுக்காரர் வேற ஆளைப் பாத்துருவார். எங்களுக்கு வழக்கமாச் செய்யறவங்க இருக்காங்க. பெரிய நிறுவனம். நீங்க இடத்தை விட்டு எந்திரிக்க வேணாம். எல்லாம் போன்லயே முடிஞ்சிரும்."

"வக்கீல்னா வக்கீல்தானே, பிரை" என்றான் டெஸ்மண்ட். "ரயில் டிக்கெட்டை எந்த ஊர்ல வாங்குனா என்ன, போற இடம் ஒண்ணுதான்."

அந்தப் பெரிய நிறுவனம் எங்கோ தொலைவில் ஒரு நகரத்தில் இருந்தது. பிரையனி அதை ஒருநாளும் பார்க்கவில்லை. குரல்களாகத்தான் அது அவளுக்குத் தெரியும். முதலில் கைல் என்றொரு குரல். அடுத்த வாரம் கைல் வேறு பிரிவுக்குப் போய்விட்டதாகச் சொன்ன பெட்ரா என்ற குரல். பிறகு பெயர் சொல்லாத ஒரு குரல். ஒவ்வொரு தடவையும் அவள் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும், வீட்டு விலாசத்தைச் சொல்ல வேண்டும், வாங்குவதா விற்பதா என்றும் சொல்ல வேண்டும். நடுநடுவே காத்திருக்கும்போது ஒரு பியானோ இசை ஒலிக்கும். அந்த இசையும் கனவில் வரத் தொடங்கியது. கனவில் அவள் ஏரிக்கு நடுவே போனைக் காதில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருப்பாள். கரையிலிருந்து யாரோ அவள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்வார்கள்.

என்றாலும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. வங்கியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், காபி குடித்தார், போனார். கடன் சரி என்றார்கள். இனி இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது ஒன்றுதான் பாக்கி. அது முடிந்துவிட்டால் பின்வாங்க முடியாது. டெஸ்மண்ட் அட்டைப் பெட்டிகளில் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கியிருந்தான்.

ஒருநாள் திரைச்சீலைக்கு அளவெடுக்கப் பிரையனி தனியாக ஏரிக்கரை வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ் டனிக்ளிஃப் கதவைத் திறந்தார். மனைவியை இழந்தவர். பேசும்போது சொற்களுக்கு நடுவே ஏரியைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறவர். வேல்ஸில் மகளோடு போய் இருக்கப்போகிறார்.

அடுக்களையில் நின்று நாடாவை எடுக்கப் பையைத் திறந்தபோது உள்ளே இருந்த ஆரஞ்சுப்பழம் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்காமல் மெதுவாக உருண்டது. மேசைக் காலைச் சுற்றி, அடுப்பைத் தாண்டி, ஏரி பக்கச் சுவரில் போய் முட்டி நின்றது. வீட்டில் பழகிய பூனை தன் மூலைக்குப் போய்ப் படுப்பதுபோல இருந்தது.

"எது விழுந்தாலும் அங்கதாம்மா போகும்" என்றார் ஆம்ப்ரோஸ். "என் பொண்ணு சின்னவளா இருந்தப்ப கோலிக்குண்டை ஒளிச்சு வெக்கவே முடியாது அவளால. எல்லாம் அந்தச் சுவர்ல போய் உக்காந்திருக்கும்."

பிரையனி சிரித்தாள். அழகாகத்தான் இருந்தது. ஏரி அந்த வீட்டை மெதுவாகத் தன் பக்கம் கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு வந்த கனவில் நாற்காலிகள் மிதக்கவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து போய்க்கொண்டிருந்தன, அவளும்தான்.

காலையில் நகரத்து நிறுவனத்துக்குப் போன் செய்து சொன்னாள்.

"தரை சரிவா இருக்கிறது எங்க வேலை இல்ல, மேடம். மதிப்பீட்டாளரைக் கேளுங்க" என்றது குரல்.

"நீங்க யாராச்சும் இந்த ஊருக்கு வந்திருக்கீங்களா?"

"இப்பல்லாம் யாரும் எந்த ஊருக்கும் போக வேண்டியதில்ல, மேடம். எங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் பச்சையா இருக்கு. வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் மாத்திக்கலாம்."

மதிப்பீட்டாளரைக் கேட்டபோது, தான் வங்கிக்காகப் பார்த்தவன், அவளுக்காகப் பார்த்தவன் அல்ல என்றார். அதுவும் நியாயம்தான். ஒருவர் பொறுப்பை இன்னொருவர் கையில் ஒப்படைத்துக்கொண்டே போக, கடைசியில் அது யார் கையிலும் இல்லாமல் காற்றில் நின்றது.

அன்று மாலை மழை தூறிக்கொண்டிருந்தது. பிரையனி கடைத்தெருவில் கேக் கடை முன்னால் சற்று நேரம் நின்றாள். பிறகு பக்கத்துப் படியில் ஏறினாள்.

ராசலிண்ட் யார்வுட்டின் அறையில் காகிதத்தைவிட ஜோடுகள்தான் முதலில் கண்ணில் பட்டன. சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி மேசைக்கடியில் கிடந்தது. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. பாலாடைக்கட்டி வைத்த ஓட்ஸ் அடையை மென்றுகொண்டே, "வாங்க, உக்காருங்க. கூரை அந்த மூலையில ஒழுகும், இந்தப் பக்கம் வந்துருங்க" என்றார்.

பிரையனி ஆரஞ்சுப்பழம் உருண்ட கதையைச் சொன்னாள். வீடு எது என்று சொன்னதும் யார்வுட் மெல்வதை நிறுத்தினார்.

"உங்களுக்கு ஒரு வக்கீல் இருக்காங்க இல்லையா?"

"இருக்காங்க. ஆனா இல்லாத மாதிரிதான்."

"அவங்க உப்பைப் பத்திக் கேட்டாங்களா?"

பிரையனிக்கு விளங்கவில்லை. "உப்பா?"

யார்வுட் எழுந்து சன்னலருகே போனார். "வாங்க, இங்கேருந்து பாருங்க. எதிர்ல மரச்சட்டம் போட்ட கடைங்க இருக்கே, எல்லாம் மரச்சட்டம் ஏன் தெரியுமா? அழகுக்கு இல்ல. தூக்குறதுக்கு. இந்த ஊருக்கு அடியில உப்பு. நூறு வருசத்துக்கு மேல அதைத் தண்ணியாக் கரைச்சு உறிஞ்சியே எடுத்தாங்க. எடுத்த இடம் வெத்திடமாச்சு, மேல இருந்த மண்ணு கொஞ்சங்கொஞ்சமா இறங்குச்சு. கடை இறங்கினா ஜாக்கி வெச்சு மேல தூக்கிருவாங்க. அதுக்குத்தான் மரச்சட்டம். செங்கல் வீட்டைத் தூக்க முடியாது."

"அப்ப அந்த ஏரி?"

"அது ஏரியே இல்லம்மா. ஒரு காலத்துல புல்வெளி. மாடு மேஞ்ச இடம். நிலம் இறங்குச்சு, தண்ணி வந்து உக்காந்துக்கிச்சு."

பிரையனிக்கு அந்த அறையின் தரையே லேசாக அசைந்தது போலிருந்தது. தண்ணீருக்கடியில் இன்னமும் மாடுகள் மேய்ந்துகொண்டிருப்பதாகவும், அவற்றின் மணியோசை கேட்பதாகவும் ஒரு நினைப்பு வந்து போனது.

"பயப்படாதீங்க. இங்க ஆயிரக்கணக்குல ஜனம் நிம்மதியா இருக்கு, நானும் இருக்கேன்" என்றார் யார்வுட். "உப்பு எடுத்ததால வீடு சேதமானா நஷ்டஈடு கேக்க வழி இருக்கு. ஆனா அந்தக் காலத்துல சில வீட்டுக்காரங்க, ஒரே தடவையா மொத்தமா வாங்கிட்டு, இனி இந்த வீட்டுக்கு ஒருநாளும் கேக்க மாட்டோம்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த வாக்கு ஆளோட போகாது. வீட்டோடயே இருக்கும். வாங்குறவங்க தலையில வந்து விடியும். நாளைக்கு நீங்க விக்கப் போனா, வாங்குறவனுக்கு பேங்க் கடன் குடுக்கத் தயங்கும். இதை விசாரிக்கத் தனியா ஒரு வழி இருக்கு. இங்க வீடு வாங்குற ஊர்க்காரங்க எல்லாருக்கும் அது தெரியும். இந்த ஊரு எங்க இருக்குன்னே தெரியாதவங்களுக்குக் கேக்கத் தோணாது."

"அந்த வீட்டுக்கு அப்படி இருக்குன்னு சொல்றீங்களா?"

"எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். டனிக்ளிஃப்புக்கு வேற வக்கீல் இருக்கறதால நான் அவர்கிட்ட நேராப் பேசவும் கூடாது, அது முறையில்ல. ஆனா நீங்க கேக்கலாம். விசாரிக்கச் சொல்லி உங்க ஆளுங்களுக்கும் எழுதுங்க. அவங்க பதில் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

அவர் இதற்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்க இன்னும் என் கட்சிக்காரர் இல்லையே" என்று சிரித்துவிட்டு மிச்ச அடையை எடுத்தார்.

மறுநாள் காலை பிரையனி ஏரிக்கரை வீட்டுக்குப் போனாள். ஆம்ப்ரோஸ் கரையில் நின்று அன்னங்களுக்குத் தானியம் தூவிக்கொண்டிருந்தார். பனி அவர் முழங்கால் வரை மூடியிருந்தது.

"ஒண்ணு கேக்கணும். இந்த வீட்டுக்கு உப்புக்கான நஷ்டஈட்டை யாராச்சும் மொத்தமா வாங்கிட்டாங்களா?"

தானியம் தூவிய கை அப்படியே நின்றது.

"எங்கப்பா வாங்கிட்டார்மா" என்றார் ஆம்ப்ரோஸ், தண்ணீரைப் பார்த்தபடி. "நான் அப்ப பள்ளிக்கூடத்துல. அதுல ஒரு டிராக்டர் வந்துச்சு."

"ஏன் சொல்லல நீங்க?"

"யாரும் கேக்கலையே. கேட்டாச் சொல்லுங்க, கேக்காட்டி வேணாம்னு எங்க தரப்புல சொன்னாங்க. இந்த ஊரு வக்கீலா இருந்தா முதல் வாரமே கேட்டிருப்பாங்க. வெளியூரு வக்கீல்னு ஜாஸ்பர் சொன்னப்ப எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லல." அவர் குரல் தேய்ந்தது. "ஆனா நீ திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தியே, அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் சரியில்ல. கேட்டுட்ட, நல்லதாப் போச்சு."

அவள் அவரைத் திட்ட வாய் எடுத்தாள். வரவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, மனிதர் சங்கதி எதுவும் தெரியாமல் மிதக்கும் அந்த அன்னங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டெஸ்மண்டால்தான் தாங்க முடியவில்லை. கட்டிய பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "பாத்திரம் பூரா கட்டியாச்சு பிரை! ஒரு ஆரஞ்சுப்பழம் உருண்டுச்சுன்னு வீட்டையே வேணாம்ப்பியா?" என்று கத்தினான். அவள் ஆம்ப்ரோஸ் சொன்னதைச் சொன்னாள். அவன் கோபம் ஜாஸ்பர் பக்கம் திரும்பியது. நேரே தரகர் அலுவலகத்துக்குப் போனான்.

"இந்த ஊர்லயே தொழில் பண்றீங்க. உங்களுக்கு உப்பைப் பத்தித் தெரியாதா?"

ஜாஸ்பர் கழுத்துப் பட்டையைத் தடவினார். "நான் விக்கிறவருக்கு வேலை செய்யறவன், சார். வில்லங்கம் பாக்கறது உங்க வக்கீல் வேலை."

"அந்த வக்கீலைக் காட்டினதே நீங்கதானே?"

"காட்டினேன். கட்டாயப்படுத்தலையே."

"ஆள் சேத்து விட்டதுக்கு அவங்க உங்களுக்கு ஏதாவது தர்றாங்களா?"

"அதெல்லாம் சொல்லித்தானே இருக்கோம்" என்றார் ஜாஸ்பர், கூச்சமே இல்லாமல். "வக்கீலை அமர்த்தினப்ப நீங்க போட்ட கையெழுத்துக்குக் கீழ. சின்ன எழுத்துல."

டெஸ்மண்ட் திரும்பி வந்தபோது பிரையனி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பெட்டியைப் பிரித்து, இரண்டு கோப்பைகளை எடுத்து வெளியே வைத்தான். கீழே மீன் பொரிகிற சத்தம் மழை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

"வீடு கிடைக்கணுங்கிற அவசரத்துல, நமக்காகப் பேச எந்த ஆள் வேணும்கிறதை எதிராளியே முடிவு பண்ண விட்டுட்டேன்" என்றான். "என் புத்தி அது. மன்னிச்சுரு."

அந்த வீட்டை வாங்குவதிலிருந்து அவர்கள் விலகிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. குளிர்காலம் முழுக்கப் பிரையனி ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தவில்லை. கனவும் வரவில்லை. இல்லாத ஒருவருக்காகத் துக்கம் காப்பதைப்போல ஒரு வெறுமை அவளிடம் இருந்தது.

வசந்தம் பிறந்தபோது, கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு குறுகலான மரச்சட்ட வீட்டை வாங்கினார்கள். யார்வுட்தான் எல்லாம் பார்த்தார். தெரியாததைத் தெரியாது என்றார், தெரிந்துகொண்டு வந்து சொன்னார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொல்லை வழியே நடக்க உரிமை உண்டு என்பதைக்கூட அவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்து, வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார். தாமதம் ஆனது. ஆனால் போன் செய்தால் எடுப்பது அவர்தான். பெயரை எழுத்துக் கூட்டச் சொல்லவில்லை.

அந்த வசந்தத்திலேயே ஒருநாள் பிரையனி, தலைப்பிள்ளையைப் பெற்று ஒரு வாரம் ஆகியிருந்த இமோஜென் என்ற பெண்ணைப் பார்க்கப் போனாள். ஓர் அடுக்ககத்தின் உச்சி மாடி. குழந்தையை எடை பார்த்து, தொப்புளைத் துடைத்து, தாயின் மார்பில் சரியாகப் படுக்க வைத்தாள். குழந்தை உறிஞ்சத் தொடங்கியது. இமோஜெனின் கண்கள் பாதி மூடின. சன்னல் வழியே வந்த வெயில் அவள் முகத்தில் அசைந்தது.

"இந்தக் கூண்டுல அதிக நாள் இருக்க மாட்டான் இவன்" என்றாள் அவள், தூக்கத்தில் பேசுகிறவள் போல. "ஏரிக்கரையில ஒரு வீடு பாத்திருக்கோம். சிவப்புச் செங்கல். பெரிய சன்னல். அன்னமெல்லாம் வாசலுக்கே வருது, தெரியுமா? வக்கீலைக்கூட ஜாஸ்பரே பாத்துக் குடுத்துட்டார். எல்லாம் போன்லயே."

பிரையனியின் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றது. அந்தப் பாதி மூடிய கண்களுக்குள் என்ன ஓடுகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைக் கலைப்பது எப்படி வலிக்கும் என்றும் தெரியும். பேசாமல் பையை மூடிக்கொண்டு இறங்கிவிடலாம். அது அவள் வேலையும் இல்லை. போனில் வந்த குரலும் மதிப்பீட்டாளரும் ஜாஸ்பரும் சொன்னதும் அதுதானே, எங்கள் வேலை இல்லை என்று.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "இமோஜென், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேக் கடை மாடியில யார்வுட்னு ஒரு அம்மா இருக்காங்க, அவங்களை ஒரு தடவை போய்ப் பாருங்க. உப்பைப் பத்திக் கேளுங்க."

இமோஜென் கண்களை முழுதாகத் திறந்தாள். முகம் சுருங்கியது. "அந்த வீட்டை வாங்க வந்துட்டு விட்டுட்டுப் போனவங்க நீங்கதானா? ஜாஸ்பர் சொன்னார். உங்களுக்குக் கிடைக்கலைன்னு எங்களுக்கும் கிடைக்கக் கூடாதா?"

சுள்ளென்று பட்டது. ஆனால் பிரையனி எழுந்துவிடவில்லை.

"கிடைக்கட்டும். எல்லாம் தெரிஞ்சு வாங்கினா நானே வாழ்த்துச் சொல்ல வருவேன்" என்றாள் மெதுவாக. "நான் அந்த வீட்டைக் கனவு கண்டது தப்பில்ல இமோஜென். வீடு வாங்குற யாரும் கனவு காணத்தான் செய்வாங்க. ஆனா நான் கனவு கண்டுட்டிருந்தப்ப எனக்காக முழிச்சிருக்க வேண்டிய ஆளை, விக்கிறவங்க தரப்புக்காரன் காட்டினான்னு கண்ணை மூடிட்டு ஏத்துக்கிட்டேன். அதுதான் தப்பு. வீடு வாங்கினாலும் சரி, வித்தாலும் சரி, வக்கீலை நாமதான் தேடணும். அந்த ஊரு மண்ணு தெரிஞ்சவரா, படியேறிப் போனா முகம் பாத்துப் பேசறவரா, நம்ம ஒருத்தருக்கு மட்டுமே பதில் சொல்றவரா தேடணும். அவசரப்படுத்தறவன் காட்டுற ஆளு அவசரத்துக்குத்தான் வேலை செய்வான், நமக்கு இல்ல."

குழந்தை பால் குடித்து முடித்து அயர்ந்திருந்தது. இமோஜென் அதன் தலையை வருடிக்கொடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அந்தக் கேக் கடை, எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?"